கையெழுத்தான புரூஃபில் நான் செய்த திருத்தம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் பிழை பார்க்கும் இந்தப் புரூஃப் மேஜையைப் பற்றி நாலு வார்த்தை எழுதி வைத்துவிட்டுப் போகும்படி நம் பிரஸ் முதலாளி அண்ணாச்சி சொன்னார். ஓய்வு பெறுகிற வயது எனக்கு ஆகவில்லை. மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு எட்டு மாதக் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வர இனி முடியவில்லை, அதனால் போகிறேன். ஒன்பது வருடம் இந்த மேஜையில் இருந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நேற்று இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

திருத்தக் குறிகளை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல வேண்டியது நான் கெடுத்த ஒரு புத்தகத்தைப் பற்றி. அதில் பாதிக் கதை பிரஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். மீதிப் பாதி எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரியும். அண்ணாச்சியும் இதைப் படிப்பார். அவருக்கும் அது புதுச் செய்திதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, மகளுக்கு ஒன்றரை. திருத்தங்கலில் மாமியாரிடம் அவளை விட்டுவிட்டு பஸ் பிடித்து வருவேன். மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சிரைப்பு வரும். காலையில் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், சரியாகக் கேட்டோமா என்று சந்தேகம் வரும். பிரஸ்ஸில் எல்லோருக்கும் ஆறரை மணி, எனக்கு மட்டும் ஐந்து மணிக்குக் கிளம்ப அண்ணாச்சி அனுமதி கொடுத்திருந்தார். தப்பே செய்யாமல் இருக்கும்வரைதான் அந்த அனுமதி என்று எனக்கு நானே ஒரு விதி போட்டு வைத்திருந்தேன். அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சமயம் எனக்கு நல்ல பேர் வேறு கிடைத்திருந்தது. ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரில் மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் தலைகீழாக வந்திருந்தது. கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்தும்போது சின்ன எண் மேலேயும் பெரிய எண் கீழேயும் போய்விட்டது. முதல் மாணவனாக நின்றவன் எல்லோரையும்விடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவன். பள்ளிக்கூடத்துக்காரர்களே கவனிக்காததை நான் கண்டுபிடித்தேன். அண்ணாச்சி எல்லோர் முன்னாலும், "படிச்ச புள்ள ஒன்னு இருந்தா எம்புட்டு உதவி பாத்தீகளா" என்றார். எனக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த மாதம் கோல்ஃப் புத்தகம் வந்தது.

பட்டாசு லேபிள் வேலை ஓய்ந்து காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. மலைமேல் ஒரு ரிசார்ட். அதன் மைதானத்தில் பல வருடங்களாகத் தொழில்முறை கோல்ஃப் போட்டிகள் நடக்கின்றன. அந்தப் போட்டிகளின் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு நினைவு மலராகப் போட வேண்டும், ஐந்நூறு பிரதி. வருடத்துக்கு ஒரு பக்கம். எந்த வருடம் எப்படி ஆடினார்கள், யார் வென்றார், வென்றவரின் மொத்த எண் எவ்வளவு, ஒரு படம். அவ்வளவுதான்.

ரிசார்ட்டின் மேலாளரே கீழே இறங்கி வந்து தாள் கட்டைக் கொடுத்தார். ஒரு பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"மத்த வருஷமெல்லாம் வெளியூர் ஆளுங்க ஜெயிச்சதும்மா. இந்த ஒரு வருஷம் நம்ம மைதானத்துலயே அடுத்தவங்க மட்டைப் பையைத் தூக்கிட்டுத் திரிஞ்சவர் ஜெயிச்சார். ஆயுசுல அவர் ஜெயிச்ச ஒரே போட்டி. விழாவுல முதல் பிரதி அவர் கைக்குத்தான் போகுது. இந்தப் பக்கம் மட்டும் தப்பில்லாம வந்துரணும்."

"வந்துரும் சார்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் மட்டும் முதல் ஐந்து பேரின் பட்டியல் இருந்தது. மேலே இருந்த பெயருக்கு நேரே 'வென்றவர்' என்ற சொல். பக்கத்தில் படம்: கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர், அளவு பெரிதான கோட்டு, விரல் தெரியாத அளவுக்குக் கை நீண்டிருந்தது. படத்தின் கீழே பெயர் இல்லை. கட்டுரையிலும் 'நம் மைதானத்தின் மகன்' என்று எழுதியிருந்தார்களே தவிர, பெயர் பட்டியலில் மட்டும்தான்.

எனக்குக் கோல்ஃப் தெரியாது. பந்தை மட்டையால் அடித்துக் குழியில் போடுவது என்று தெரியும். தெரியாத சொற்களை அகராதியில் பார்த்துக் குறித்து வைத்தேன். ஆஃப்செட் மிஷின் ஓட்டும் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, குருவின்னு எழுதியிருக்கீக, கழுகுன்னு எழுதியிருக்கீக. இது என்ன புத்தகம்?"

"கோல்ஃப்ண்ணே. நல்லா அடிச்சா பறவை பேரு சொல்வாங்களாம்."

"அப்பக் கோழி எத்தனாவது பக்கத்துல வருது?"

அச்சான தாள்களை மடிக்கிற மடிப்பு மேஜைவரை சிரிப்புக் கேட்டது. 'டீச்சரம்மா' என்பது அந்த மேஜையில் இருந்த அக்கா எனக்கு வைத்த பெயர். சிவப்புப் பேனாவோடு சேர்ந்த முதல் நாளே, "ஆத்தாடி, டீச்சரம்மா வந்துட்டாக, எல்லாரும் கையைக் கட்டுங்க" என்றார். அதிலிருந்து பிரஸ் முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

குருவிக்கும் கழுகுக்கும் அகராதி பார்த்தவள், கோல்ஃப் என்ற சொல்லுக்குப் பார்க்கவில்லை. அதுதான் தெரியுமே.

செவ்வாய்க்கிழமை மேலாளர் வந்து கடைசி புரூஃபைப் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மலையேறினார். கையெழுத்தான புரூஃபை யாரும் தொடக்கூடாது. இது உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள், எனக்கும் சொன்னார்கள். ஆனால் நான் கதவைப் பூட்டிவிட்டு நாலு முறை இழுத்துப் பார்க்கிற ஜாதி. புதன்கிழமை காலை அச்சுக்கான பிளேட் போடுவதற்கு முன்னால், அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை படித்தேன்.

பட்டியலில் எண்கள் இப்படி இருந்தன: 281, 282, 285, 289, 290. 'வென்றவர்' என்று போட்டிருந்தது 281க்கு.

பள்ளிக்கூட மலரில் நடந்த அதே கூத்து. குறைந்த எண் மேலே, அதிக எண் கீழே. மேலாளரும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்டுரையில் 'ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வென்றார்' என்று இருந்தது. கடைசி இரண்டு எண்ணைப் பார்த்தேன். 289, 290. ஒன்றுதான் வித்தியாசம். முதல் இரண்டுக்கும் அதே ஒன்றுதான் என்பது என் கண்ணில் படவேயில்லை. நினைத்தது சரி என்று சொல்லும் எண்ணை மட்டும்தான் கண் தேடியது.

சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். அண்ணாச்சி மேஜையில் போன் இருந்தது. ஒரு நிமிடப் பேச்சு. ஆனால் என்னவென்று கேட்பது? கோல்ஃபில் அதிக எண் வாங்கினவர் ஜெயிப்பாரா, குறைந்த எண் வாங்கினவர் ஜெயிப்பாரா என்றா? இரண்டு வாரமாக மேலாளர் எதிரில் எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டியிருக்கிறேன். கேள்விக்குறி என்பது எனக்குத் தெரியாது என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது. அதைப் போட எனக்குக் கை வரவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணிடம் போய்ப் பட்டியலைத் தலைகீழாக்கச் சொன்னேன்.

"அக்கா, கையெழுத்து ஆயிருச்சேக்கா."

"நான்தான சொல்றேன். மாத்து."

மாற்றினாள். 290 எடுத்தவருக்கு நேரே 'வென்றவர்' வந்தது. அந்தப் பக்கம் நன்றாக வரவேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள், நான் அதைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அன்று பஸ்ஸில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படிச் சந்தேகமில்லாமல் வீட்டுக்குப் போன நாட்கள் குறைவு.

இதுவரை நடந்ததற்கு அறியாமை என்று பெயர் வைக்கலாம். வெள்ளிக்கிழமை நடந்ததற்கு வைக்க முடியாது.

வெள்ளி காலை பதினோரு மணி இருக்கும். அச்சான பாரங்கள், பல பக்கம் சேர்ந்த பெரிய தாள்கள், மடிப்பு மேஜைக்குப் போயிருந்தன. மடிப்பு அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, இங்கன வாங்க. இவரு எங்க ஆளு!"

விரல் அந்தக் கோட்டுக்காரர் படத்தின்மேல் இருந்தது.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியுமாவா? ஏழாயிரம்பண்ணையில மழ தண்ணி இல்லைன்னு மலைக்குப் பொழைக்கப் போன குடும்பம்லா நாங்க. எங்க அய்யா அந்த மைதானத்துலதான் புல்லு வெட்டுனாரு. பதினாலு வயசு வரைக்கும் நான் அங்கனதான் கெடந்தேன். இவரு எங்க வீட்டுல இருந்து மூணாவது வீடு. இவரு செயிச்ச அன்னைக்கு எங்க லயன் வீடுக பூரா ஒரே கூச்சல். கோட்டு இல்லாமப் படம் எடுக்கக் கூடாதுன்னு எவரோ ஒரு தொரை கோட்டைக் கழட்டி மாட்டிவிட்டாக. கையைப் பாருங்க, சட்டை காயப்போட்ட மாதிரி தொங்குது."

சிரித்துக்கொண்டே விரலைப் பட்டியலுக்கு நகர்த்தினார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார், எண்கள் நன்றாகத் தெரியும்.

"அது சரி, செயிச்ச மனுசனைக் கொண்டுபோயி ஏன் கடைசியில போட்டிருக்கீக?"

"எண்ணிக்கைப்படி போட்டிருக்குக்கா. அதிகம் எடுத்தவங்க மேலே."

"அதிகம் அடிச்சா எப்படிச் செயிக்க? குறைச்ச அடியில குழியில போடுறவுகதான செயிச்சவுக! முந்நூறு அடி அடிக்க விட்டா நானுந்தான் போட்டுருவேன் பந்தை."

அவர் சொல்லி முடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு அடி வித்தியாசம் என்றால் ஒரு அடி குறைவு. 281, 282.

புத்தகம் இன்னும் கட்டப்படவில்லை. வேன் மறுநாள் காலை எட்டு மணிக்கு. ஒரு பாரம் மட்டும் திரும்ப அடிக்க வேண்டும், அதற்கு மிஷினில் ஓடிக்கொண்டிருந்த காலண்டரை நிறுத்த வேண்டும். நிறுத்தியிருக்க முடியும். நான் வாயைத் திறந்தால் போதும்.

திறந்தேன். "இது வேற கணக்குக்கா. சர்வதேசப் போட்டி. அதுக்கு முறை வேற. உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

'சர்வதேச' என்ற சொல்லை நான் தெரிந்தேதான் எடுத்தேன். அவர் அதற்குமேல் பேச முடியாத சொல்லாகத் தேடி எடுத்தேன்.

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, "அப்படியா. படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மடிப்புக் குச்சியை எடுத்து அந்தத் தாளை மடித்தார். அடுத்த தாளை எடுத்தார். ஐந்நூறையும் அவர்தான் மடித்தார். தப்பு என்று தெரிந்த ஒருவர் கையாலேயே அது மடிக்கப்பட்டது.

மதியம் என் மேஜைக்கு வந்தார். "வேஸ்ட்டுல ஒரு தாள் கெடந்தா எடுத்துக்கிடவா? எங்க அம்மைக்குக் காட்டணும்" என்றார். நானே கழிவில் தேடி, மைக் கறை படாத தாளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மூன்று முறை அண்ணாச்சி அறை வாசல்வரை போனேன். முதல் முறை அவர் காலண்டர் ஆர்டர்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை தனியாக இருந்தார். "என்னம்மா?" என்றார். "பேனாவுக்கு மை தீர்ந்துருச்சு அண்ணாச்சி" என்றேன். மூன்றாவது முறை அவர் என்னைப் பார்க்கும் முன்னே திரும்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஐந்து மணி அனுமதி ஞாபகம் வந்தது, குழந்தை ஞாபகம் வந்தது. அன்று குழந்தைக்கு இரைப்பு இல்லை. நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் பேசவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். படிச்ச புள்ள என்ற பேர் போய்விடும் என்று பயந்தேன், வேறொன்றுமில்லை.

ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சனிக்கிழமை காலை வேன் போனது.

ஞாயிறு விழா. திங்கள் காலை மேலாளர் போன் செய்தார். அண்ணாச்சி கேட்டதை அப்படியே எங்களிடம் சொன்னார். மேடையில் அந்தக் கோட்டுக்காரர் கையில் முதல் பிரதியைக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கித் தன் பக்கத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மூடிவிட்டார். பேச அழைத்தபோது, "அஞ்சாவதா வந்தவனையும் மறக்காமக் கூப்பிட்டு மேடையேத்தியிருக்கீங்க, ரொம்ப நன்றி" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். தன்னடக்கம் என்று நினைத்தார்களாம். அப்புறம் காப்பி குடிக்கும்போதுதான் மற்றவர்கள் புத்தகத்தைப் பிரித்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி கையெழுத்தான புரூஃபை எடுத்துக்கொண்டு மடிப்பு மேஜைப் பக்கமே வந்துவிட்டார். "இதுல சரியாத்தானம்மா இருக்கு. நடுவுல எப்படி மாறுச்சு?"

கம்ப்யூட்டர் பெண் அழுகிற நிலையில் இருந்தாள். "நான்தான் மாத்தச் சொன்னேன் அண்ணாச்சி. தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றேன். இதைச் சொன்னதற்காக அன்று என்னைப் பலர் பாராட்டினார்கள். பழியை அவள்மேல் போடாமல் ஏற்றுக்கொண்டேனாம்.

அண்ணாச்சி திட்டவில்லை. பெருமூச்சு விட்டார். "விடு தாயி. நம்ம ஊர்ல எவனுக்குக் கோல்ஃபு தெரியும்? வெடி தெரியும், காலண்டரு தெரியும். அந்தப் பாரத்தைத் திரும்ப அடிச்சு, புத்தகத்தைப் பிரிச்சுக் கட்டிக் குடுத்துருவோம்" என்றார். போகப் போனவர் நின்று, "மடிக்கையில, கட்டையில ஒருத்தர் கண்ணுலயுமா படல?" என்று கேட்டார்.

மடிப்பு அக்கா அங்கேதான் இருந்தார், நாலு எட்டில்.

"யாரும் கவனிக்கல அண்ணாச்சி" என்றேன்.

அக்கா கையில் இருந்த குச்சி பாதி மடிப்பில் நின்றது. பிறகு மடிப்பை முடித்தது. அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணாச்சி முன்னால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். சொல்லாததால் அவர் என்ன ஆனார் என்று நான் யோசிக்கவில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு மடித்தவள் என்று அவர்மேல் பழி போட்டிருந்தால்கூட, அந்தக் கதையில் அவரும் ஒரு ஆளாக இருந்திருப்பார். நான் அவரை அந்த இடத்திலேயே இல்லாமல் ஆக்கினேன்.

ஐந்து மணி அனுமதி போகவில்லை. எதுவும் போகவில்லை. மிஷின் அண்ணன் திரும்ப அந்தப் பாரத்தை ஏற்றும்போது, "குருவி மறுபடியும் கூட்டுக்கு வந்துருச்சுடோய்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், முடிந்தது. ஆனால் மறுநாள் காலை மடிப்பு மேஜையைக் கடக்கும்போது அக்கா நிமிர்ந்து, "மேடம், இந்தப் பாரத்தைப் பார்த்துட்டீகளா? மடிக்கலாமா?" என்று கேட்டார்.

மேடம். மரியாதையான சொல்தான். அதற்குப் பிறகு இந்த ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து 'டீச்சரம்மா' ஒருமுறைகூட வரவில்லை. மெல்ல மெல்ல மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். நீங்கள் என்னை மேடம் என்று கூப்பிடுவது அங்கிருந்துதான் வந்தது.

திரும்ப அடித்த பாரத்தில், சரியான வரிசையில் வந்த ஒரு தாளை எடுத்து அவருக்கென்று என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். கொடுக்கவில்லை. கொடுத்தால், வெள்ளிக்கிழமை சொன்னது பொய் என்று சொல்வதாகிவிடும். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆறு வருடம் அது இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது. பேனா எடுக்கும்போதெல்லாம் அதன் ஓரம் விரலில் படும்.

போன வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு போனேன். அவர் குழாயடியில் தூக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. நீங்க சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சிருச்சு. சர்வதேசம்னு சொன்னதெல்லாம் பொய்."

"தெரியும் மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

தாளை நீட்டினேன். "இது சரியா அடிச்சது. உங்க அம்மாவுக்கு."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கசங்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் மேடம். அன்னைக்கு நீங்க குடுத்த தாளு வீட்டுல மாட்டியிருக்கு. பேனாவால ஒன்னு, ரெண்டுன்னு போட்டு நானே அதைத் திருத்திக்கிட்டேன்."

"எப்பக்கா?"

"அன்னைக்கு வீட்டுக்குப் போனதுமே. இல்லாட்டி அம்மைகிட்ட என்னன்னு காட்ட?"

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேஜைக்குப் போய்விட்டார்.

அந்தத் தாள் இப்போதும் இந்த மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள். போட்டுவிட்டு வாடிக்கையாளரைக் கேளுங்கள், மிஷின் அண்ணனைக் கேளுங்கள், மடிப்பு மேஜைக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். பழகினால் அந்த அக்கா உங்களுக்கு ஏதாவது ஒரு பெயர் வைப்பார். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.